நல்லா இருந்துச்சுங்கறது விலைக்குப் பதில் ஆகாது



வழக்கமா இந்தப் பக்கத்துல மழை, மாடு, மண்டி விலை, ஊர்த் திருவிழான்னுதான் எழுதுவேன். இந்தத் தடவை எழுதப் போறது இங்கிலாந்துல நடந்த ஒரு பாட்டுக் கச்சேரியைப் பத்தி. "உனக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. சம்பந்தம் இருக்கு. அது பாட்டுல இல்ல, விலையில இருக்கு.

என் அக்கா மகன் மான்செஸ்டர்ல வேலை பாக்குறான். அவனுக்கு ஒயாசிஸ்னு ஒரு ராக் குழு மேல பைத்தியம். 2025 ஜூலையில அந்தக் குழு மறுபடியும் மேடை ஏறுனதுல இருந்து எனக்கு வாட்ஸப்புல வீடியோவும் பேச்சுமா அனுப்பிக்கிட்டே இருந்தான். அவன் கூட்டாளிகள் சொன்னது, அந்த ஊர் பேப்பர்ல ரசிகர்கள் சொன்னது, எல்லாத்தையும் எனக்குத் தமிழ்ல சொல்லுவான். எல்லாத்துலயும் கடைசியில ஒரே ஒரு வாக்கியம் வந்துச்சு. "கொடுத்த காசு ஒவ்வொண்ணும் தகும்."

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரா எழுதுனது. கச்சேரிக்கு எதிரா இல்ல.

இவங்க யாருன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மான்செஸ்டர்ல பர்னேஜ்னு ஒரு பகுதி. அயர்லாந்துல இருந்து பிழைக்க வந்த குடும்பம், அரசாங்கம் கட்டிக் குடுத்த வீடு. அங்க வளர்ந்த அண்ணன் தம்பி நோயல் கல்லாகர், லியம் கல்லாகர். அண்ணன் இன்னொரு குழுவுக்குச் சாமான் தூக்குற வேலை பாத்தவர். 1991ல ஆரம்பிச்ச குழு, 1994லயும் 1995லயும் போட்ட ரெண்டு ஆல்பத்துல உச்சிக்குப் போயிருச்சு. அண்ணன் பாட்டு எழுதுவார், தம்பி பாடுவார். 2009 ஆகஸ்ட்ல பாரிஸ்ல, மேடைக்குப் பின்னாடி ரெண்டு பேருக்கும் சண்டை. குழு உடைஞ்சது. அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் பேட்டிக்குப் பேட்டி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாங்க. நம்ம ஊர்ல வரப்புத் தகராறுல முகம் பாக்காம இருக்குற அண்ணன் தம்பிங்க இல்லையா, அதே கதைதான். 2024 ஆகஸ்ட் 27ஆம் தேதி, மறுபடியும் சேர்ந்து பாடப் போறோம்னு அறிவிச்சாங்க. 2025 ஜூலை 4ஆம் தேதி கார்டிஃப்ல முதல் கச்சேரி. நவம்பர் 23ஆம் தேதி பிரேசில்ல சாவோ பாலோவுல கடைசி. மொத்தம் 41 கச்சேரி.

இப்ப ரசிகர்கள் என்ன சொன்னாங்கன்னு பாப்போம். அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

கார்டிஃப்ல அண்ணனும் தம்பியும் கையைக் கோத்துத் தூக்கிக்கிட்டு மேடைக்கு வந்தாங்க. அதைப் பாத்ததுமே பாதிப் பேர் அழுதுட்டாங்களாம். 1996ல இருபது வயசுல பாத்தவங்க இப்ப தங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. குழு உடைஞ்சப்ப பொறக்காத பிள்ளைங்ககூட எல்லாப் பாட்டையும் மனப்பாடமா பாடுச்சுங்க. ஒரு பாட்டுக்குக் கூட்டம் முழுக்க மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பக்கத்துல நிக்குறவங்க தோள்ல கையைப் போட்டுக் குதிச்சாங்க. அது மான்செஸ்டர் சிட்டி கால்பந்து ரசிகர்கள் பண்ற ஒரு வழக்கம். முன்பின் தெரியாதவங்க கட்டிப் பிடிச்சு நின்னாங்க. முந்தின நாள் கார் விபத்துல இறந்துபோன கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டா நினைவா, ஒரு பாட்டு முடியும்போது அவரோட 20ஆம் நம்பர் சட்டையைத் திரையில காட்டினாங்க. தம்பிக்காரர் குரல் போயிருச்சுன்னு பல வருசமா பேசுனவங்க, இந்தத் தடவை குரல் திரும்பி வந்திருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் நிஜம்னு நான் நம்புறேன். வீடியோவுல அந்த முகங்களைப் பாத்தாலே தெரியுது. எங்க ஊர்ல தேர் நிலைக்கு வந்து சேரும்போது ஜனங்க முகத்துல வர்ற அதே வெளிச்சம்.

ரசிகர்களைக் கேலி பண்ற ஒரு கூட்டமும் இருக்கு. அவங்களுக்கும் ஒரு பதில் சொல்லிடுறேன். "ரெண்டு பேருமே அம்பதைத் தாண்டினவங்க. எல்லா ஊர்லயும் அதே 23 பாட்டு, அதே வரிசை. புதுப் பாட்டு ஒண்ணுகூட இல்ல. இதுக்குப் போய் இத்தனை ஆட்டமா?"ன்னு கேக்குறாங்க. எங்க பக்கம் திருவிழாவுக்கு வருசா வருசம் வள்ளி திருமணம் நாடகம் போடுவாங்க. வேடன் எப்ப வருவான், கிழவன் எப்ப வருவான், யானை எப்ப வரும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். தெரியும்கிறதாலதான் விடிய விடிய உக்காந்து பாக்குறாங்க. புதுசா ஏதாவது கேக்கணும்னு யாரும் அங்க போறதில்ல. தனக்குத் தெரிஞ்சது பக்கத்துல இருக்குறவனுக்கும் தெரியும்கிறதைப் பாக்கப் போறாங்க. அதனால பழைய பாட்டு, வயசானவங்கன்னு சொல்றது எனக்கு ஒரு குறையாவே தெரியல. நானும் அம்பத்தஞ்சைத் தாண்டினவன். இன்னும் ஏர் ஓட்டுறேன்.

அப்ப என் சண்டை எங்க? டிக்கெட் வித்த நாள்ல.

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் டிக்கெட் விற்பனை. இணையத்துல வரிசை. நம்ம ரேஷன் கடை வரிசை மாதிரிதான், ஆனா லட்சக்கணக்கான பேர். காலையில இருந்து மணிக்கணக்கா போனையும் கம்ப்யூட்டரையும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. நின்னுக்கிட்டுப் பாக்குற டிக்கெட் 135 பவுண்டு, கட்டணம் தனின்னு விளம்பரம். நம்ம காசுக்குப் பதினஞ்சாயிரம் பக்கம். பல மணி நேரம் கழிச்சு தன் முறை வந்து உள்ள போனா, அதே இடத்துல நிக்குற டிக்கெட் 355 பவுண்டு. ஏறத்தாழ 39 ஆயிரம் ரூபாய். யோசிக்க நேரம் இல்ல. வாங்குனா வாங்கு, இல்லன்னா பின்னாடி நிக்குறவன் வாங்கிருவான்.

கூச்சல் எழுந்துச்சு. அந்த நாட்டு அரசோட போட்டி, சந்தை ஆணையம் விசாரிச்சது. 2025 மார்ச்ல அவங்க சொன்னதை நம்ம ஊர் பாஷையில சொல்றேன். டிக்கெட்மாஸ்டர் கம்பெனி இந்தக் கச்சேரிக்கு 9 லட்சத்துக்கும் மேல டிக்கெட் வித்திருக்கு. அதுல ரெண்டு விஷயம் ஆணையத்துக்கு நெருடுச்சு. ஒண்ணு, நின்னு பாக்குற டிக்கெட்டுக்கு ரெண்டு விலை வச்சிருந்தாங்க. குறைஞ்ச விலையில இருந்தது எல்லாம் தீந்த பிறகு கூடுதல் விலை டிக்கெட்டைத் திறந்து விட்டாங்க. இப்படி ரெண்டு விலை இருக்குன்னு வரிசையில நின்னவங்களுக்குச் சொல்லவே இல்ல. ரெண்டாவது, சில இருக்கைகளுக்குப் 'பிளாட்டினம்'னு பேர் வச்சு, கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு விலை. அதே பகுதியில இருக்குற சாதாரண டிக்கெட்டை விடக் கூடுதலா எந்த வசதியும் இல்ல. அதையும் தெளிவாச் சொல்லல.

விலையை நிமிசத்துக்கு நிமிசம் கம்ப்யூட்டரே ஏத்திச்சுன்னு ஜனங்க நினைச்சாங்க. அதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு ஆணையம் சொல்லிருச்சு. உடனே கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறவங்க, "பாத்தீங்களா, நீங்க சொன்னது தப்பு"ன்னு குதிக்கிறாங்க. எனக்கென்னமோ இது இன்னும் மோசமாப் படுது. கம்ப்யூட்டர் ஏத்தியிருந்தாக்கூட மிஷின் மேல பழியைப் போடலாம். இங்க ரெண்டு விலையையும் முன்கூட்டியே முடிவு பண்ணி, ஒண்ணைக் காட்டி, ஒண்ணை மறைச்சு வச்சிருக்காங்க. பெட்டியில மேல நாலு நல்ல பழத்தை அடுக்கி அடியில சொத்தையைப் போடுற வேலை இது. அதை ஒரு விவசாயி செஞ்சா மண்டியில அவன் பேர் அன்னிக்கே கெட்டுரும். அடுத்த தடவை அவன் பெட்டியைக் கொட்டிப் பாத்துட்டுத்தான் ஏலம் கூறுவாங்க. 'பிளாட்டினம்' கதையும் அதேதான். ஒரே செடியில ஒரே நாள்ல பறிச்ச கத்திரிக்காயை ரெண்டு சாக்குல போட்டு, ஒரு சாக்குல மட்டும் முதல் ரகம்னு எழுதி ஒட்டுற மாதிரி.

இனி எதிர்க்கட்சிக்காரங்க சொல்றதை ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

முதல் வாதம்: "கச்சேரி அருமை. அதனால காசு தகும்."

கார்டிஃப்ல பாட்டுக்கு நடுவுல தம்பிக்காரரே இதைக் கிண்டலாக் கேட்டார். இத்தனை ஆயிரம் பவுண்டு குடுத்து டிக்கெட் வாங்கினீங்களே, அதுக்கு ஏத்த மாதிரி இருந்துச்சான்னு. ஜனம் சிரிச்சுச்சு, கத்துச்சு. அந்த நேரத்துல யார் 'இல்ல'ன்னு சொல்லுவா? பதினாறு வருசம் காத்திருந்து, பக்கத்துல பிள்ளை நிக்க, தொண்டை கட்டப் பாடிக்கிட்டு இருக்குறவன் கிட்ட விலை சரியான்னு கேட்டா அவன் எதைச் சொல்லுவான்? பந்தியில எலை போட்டு உக்காந்திருக்குறவன் கிட்ட சமையல்காரன் கூலி நியாயமான்னு கேக்குற மாதிரி இது.

நான் விளைவிச்ச தக்காளியைத் திருவனந்தபுரத்துல ஒருத்தர் வாங்கிச் சாம்பார் வச்சுச் சாப்பிட்டு 'அருமை'ங்கறார். அவர் சொல்றது நிஜம். அதை வச்சு, மண்டியில எனக்கு 14 கிலோ பெட்டிக்கு எழுவது ரூபா குடுத்தது நியாயம்னு ஆகிருமா? இல்ல, கடையில அவர்கிட்ட கிலோ நாப்பது ரூபா வாங்குனது நியாயம்னு ஆகிருமா? ருசி தக்காளியோடது. மண்ணோடது. நடுவுல நின்னு விலையை ரெண்டு பக்கமும் முறுக்குனவன், "பாரு, ருசின்னு சொல்லிட்டாரு"ன்னு அந்தப் பாராட்டை எடுத்துத் தன் சட்டையில குத்திக்க முடியாது. அந்தக் கச்சேரியில ஜனங்க அழுததும் கட்டிப் பிடிச்சதும் பாட்டால. வரிசையில ஏமாத்தப்பட்டது விக்கிறவனால. முதல்ல சொன்னதை வச்சு ரெண்டாவதைக் கழுவ முடியாது.

இன்னும் ஒண்ணு. எவ்வளவு கூட காசு குடுத்தமோ அவ்வளவு 'தகும்'னு சொல்ல மனசு கட்டாயப்படுத்தும். கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணினவன், கல்யாணம் சுமாரா இருந்துச்சுன்னு எப்பவாவது சொல்லி இருக்கானா?

ரெண்டாவது வாதம்: "இது சந்தை. கேக்குறவன் அதிகம், இடம் கொஞ்சம். விலை ஏறத்தான் செய்யும். விவசாயிக்குத் தெரியாததா?"

தெரியும் சாமி. நல்லாவே தெரியும். அதனாலதான் சொல்றேன், இது சந்தை இல்ல. ஒட்டன்சத்திரம் மண்டியில வந்து நின்னு பாருங்க. விலையைக் கூவித்தான் ஏலம் விடுறாங்க. எனக்கும் கேக்குது, கேரளா வியாபாரிக்கும் கேக்குது, சும்மா நிக்குற லோடுமேனுக்கும் கேக்குது. மாட்டுச் சந்தையில துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. ஊருக்குத் தெரியாது. ஆனா துண்டுக்குள்ள கையை விட்ட ரெண்டு பேருக்கும் விலை என்னன்னு சந்தேகமே இல்லாம தெரியும். இங்க விக்கிறவன் விரல் மட்டும் துண்டுக்குள்ள இருக்கு. வாங்குறவன் கையை அரை நாள் வெளியில நிக்க வச்சிருக்காங்க.

அதோட, இந்தச் சந்தை நியாயம் எங்க பக்கம் வரும்போது மட்டும் எங்க போகுது? 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டுச்சு. அப்ப, கேக்குறவன் அதிகம், ஏறட்டும்னு யாராவது சொன்னாங்களா? சென்னையில ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் வித்துச்சு. அதே வருசம் டிசம்பர்ல பெரிய வெங்காயம் விலை ஏறுதுன்னு மத்திய அரசு ஏற்றுமதிக்கே தடை போட்டுச்சு. அந்தத் தடை 2024 மே மாசம் வரைக்கும் இருந்துச்சு. சாப்பிடுறவங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. நானும் கடையில வாங்கிச் சாப்பிடுறவன்தான். ஆனா விளைவிக்கிறவன் விலை ஏறினா அது நாட்டுப் பிரச்சினை, நடுவுல இருக்குறவன் விலை ஏத்தினா அது பொருளாதார விதியா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்.

நடுவுல இருக்குறவன்னு சும்மா சொல்லல. டிக்கெட்மாஸ்டரை 2010லயே லைவ் நேஷன்னு ஒரு கம்பெனி சேர்த்துக்கிச்சு. கச்சேரி நடத்துறதும் அவங்க, அரங்கம் பல இடத்துல அவங்களோடது, டிக்கெட் விக்கிறதும் அவங்க. 2024 மே மாசம் அமெரிக்க அரசே இவங்க மேல ஏகபோகம்னு சொல்லி வழக்குப் போட்டுச்சு. மண்டியும் அவனோடது, லாரியும் அவனோடது, கடையும் அவனோடதுன்னா அங்க எந்த 'கேக்குறவன் அதிகம்' விதி வேலை செய்யும்?

மூணாவது வாதம்: "பாவம், பாட்டுக்காரங்களுக்கு இது தெரியாது."

2024 செப்டம்பர்ல குழு ஒரு அறிக்கை விட்டுச்சு. டிக்கெட், விலை எல்லாம் கச்சேரி நடத்துறவங்களும் மேனேஜரும் பாத்துக்கிறது, விலை மாறுற முறை வரப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு. டிக்கெட்மாஸ்டர் எப்பவும் சொல்றது, விலையை நாங்க வைக்கிறதில்ல, கச்சேரி நடத்துறவங்க வைக்கிறதுன்னு. சரி. விக்கிறவன் நான் வைக்கலங்கறான், பாடுறவன் எனக்குத் தெரியாதுங்கறான். அப்ப 355 பவுண்டுங்கறது மழையோட சேர்ந்து வானத்துல இருந்து விழுந்துச்சா?

சாக்குல யார் பேர் எழுதி இருக்கோ அவன் தான் பதில் சொல்லணும். இது எங்க ஊர் வழக்கம். தெரியாதுன்னா கேட்டிருக்கணும். கேக்க முடியும்னு மத்தவங்க காட்டி இருக்காங்க. தி கியூர்னு இன்னொரு பழைய குழு, 1970கள்ல இருந்து பாடுறவங்க. 2023ல அமெரிக்காவுல கச்சேரி. பாடகர் ராபர்ட் ஸ்மித் விலை ஏத்துற முறை வேண்டாம்னுட்டார். சில இடங்கள்ல 20 டாலருக்கே டிக்கெட். டிக்கெட் விலையை விட சேவைக் கட்டணம் கூட வந்தப்ப அவரே பொதுவுல சண்டை போட்டு, ஒரு டிக்கெட்டுக்கு 5, 10 டாலர்னு ரசிகர்களுக்குத் திருப்பித் தர வச்சார். அதுக்கு முன்னாடி 1994ல பேர்ல் ஜாம்னு ஒரு குழு இதே டிக்கெட்மாஸ்டர் மேல அமெரிக்க அரசுகிட்டப் புகார் குடுத்துச்சு. அந்தக் குழுவுல ரெண்டு பேர் நாடாளுமன்றக் குழு முன்னாடி போய்ச் சாட்சி சொன்னாங்க. அப்ப ஜெயிக்கல. ஆனா கேட்டாங்க.

கேக்காதவங்க கதையும் இருக்கு. 2022ல புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குச் சில டிக்கெட் 5000 டாலர் வரைக்கும் போச்சு. தொழிலாளிகளைப் பத்திப் பாடிப் பேர் எடுத்தவர் அவர். விலையை நியாயப்படுத்திப் பேசினார். அவருக்காகவே 1980ல இருந்து நாப்பது வருசத்துக்கும் மேல நடந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்'ங்கற ரசிகர் பத்திரிகை, மனசு வெறுத்துப் போய் 2023ல மூடிருச்சு. அந்தப் பத்திரிகைக்காரங்களுக்கும் கச்சேரி பிடிக்காம இல்ல.

ஒயாசிஸ் பக்கம் இருக்குற நியாயத்தையும் சொல்லணும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கச்சேரிக்கு அந்த விலை ஏத்துற முறை வேண்டாம்னு அறிவிச்சாங்க. நல்லது. ஆனா அதுவே என் வாதத்துக்குத்தான் பலம். அங்க வேண்டாம்னு சொல்ல முடிஞ்சதுன்னா, சொந்த ஊர்க்காரனுக்கும் முதல்லயே சொல்லியிருக்க முடியும்.

சொந்த ஊர்னதும் ஹீட்டன் பார்க் ஞாபகம் வருது. மான்செஸ்டர்ல இருக்குற பெரிய பூங்கா. 2025 ஜூலையில அங்க அஞ்சு நாள் கச்சேரி. டிக்கெட் கிடைக்காதவங்க, வாங்க முடியாதவங்க, பக்கத்துல இருக்குற மேட்டுல ஆயிரக்கணக்குல கூடிட்டாங்க. அந்த மேட்டுக்கு 'கல்லாகர் மேடு'ன்னே பேர் விழுந்துருச்சு. எங்க அக்கா மகனும் அங்கதான் நின்னான்.

"எப்படி மாப்ள இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"மாமா, பாதிப் பாட்டு காத்துல அடிச்சுட்டுப் போயிருச்சு. திரை ஓரமாத் தெரிஞ்சது. ஆனா மேட்டுல இருந்த ஜனம் பாடினது நல்லாக் கேட்டுச்சு. பக்கத்துல ஒரு பெரியவர், இதே ஊர்க்காரர், 96ல நெப்வொர்த் போனவராம். இந்தத் தடவை பேரனைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வந்திருந்தாரு."

இதைக் கேட்டவங்க எல்லாம், "பாத்தியா, காசு இல்லாதவனும் சந்தோசமாத்தான் இருந்தான்"னு சொல்லுவாங்க. இருந்தான். வேலிக்கு வெளியில நின்னும் சந்தோசப்படத் தெரிஞ்ச ஜனம் அது. அதுக்காக வேலி சரின்னு ஆகாது.

நெப்வொர்த் கணக்கையும் பாத்துருவோம். 1996 ஆகஸ்ட் 10, 11. ரெண்டு ராத்திரியில ரெண்டரை லட்சம் பேர். டிக்கெட் 22 பவுண்டு 50 பென்ஸ். அன்னியில இருந்து அந்த நாட்டு விலைவாசி ரெண்டரை மடங்கு ஏறிருச்சுன்னே வச்சுக்குவோம். 56 பவுண்டு வருது. நூறுன்னு வச்சாக்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன். 355? அந்தப் பாட்டுக்காரங்க வளர்ந்த தெருவுல இன்னிக்கு இருக்குற ஒரு பையன் அதுக்குள்ள போக முடியுமா? அந்தப் பாட்டெல்லாம் அந்தத் தெருவுல விளைஞ்சதுதானே? விளைஞ்ச ஊர்லயே அதை வாங்கித் திங்க முடியலன்னா, அந்த வலி எங்களுக்குப் புதுசு இல்ல. முருங்கை விளையுற ஊர்ல முருங்கைக்காயைக் கடையில எண்ணி வாங்குற பொழப்பு எங்களோடது.

நம்ம நாட்டுலயும் அதே செப்டம்பர் 2024ல இது நடந்துச்சு. கோல்ட்பிளே குழுவோட மும்பைக் கச்சேரிக்கு 2,500 ரூபாயில இருந்து டிக்கெட். கொஞ்ச நேரத்துல எல்லாம் காலி. அப்புறம் மறு விற்பனையில லட்சக்கணக்குல விலை. 2025 ஜனவரியில கச்சேரி நடந்துச்சு, எல்லாரும் 'அருமை'ன்னாங்க, விலைப் பேச்சு அதோட அடங்கிப் போச்சு. நான் சொல்ற வியாதி இதுதான். கச்சேரி முடிஞ்ச ராத்திரி வர்ற பாராட்டு, அடுத்த வரிசையில நிக்கப் போறவனோட வாயை அடைச்சுருது.

புகார் சொன்னா என்ன ஆகப் போகுதுன்னு கேக்குறவங்களுக்கு இங்கிலாந்துல நடந்ததையே சொல்றேன். 2025 செப்டம்பர்ல டிக்கெட்மாஸ்டர் அந்த ஆணையத்துகிட்ட எழுத்துல உறுதி குடுத்துச்சு. இந்த மாதிரி படிப்படியா விலை வைக்கிறதா இருந்தா 24 மணி நேரம் முன்னாடியே சொல்லணும். வரிசையில நிக்கும்போதே என்னென்ன விலை இருக்குன்னு காட்டணும். ஒசத்தியா இல்லாததை ஒசத்தின்னு நம்ப வைக்கிற பேர் வைக்கக் கூடாது. நவம்பர்ல அந்த நாட்டு அரசு, வாங்குன விலைக்கு மேல டிக்கெட்டை மறுபடி விக்கிறதைச் சட்டவிரோதம் ஆக்கப் போறதா அறிவிச்சது.

இது போதாது. கள்ள விலைக்கு விக்கிறவன் கையைத்தான் அந்தச் சட்டம் கட்டும். முதல் விலையையே 355 ஆக்குறவனை அது தொடாது. ஆனாலும் இந்த அளவுக்கு வந்தது எப்படி? 'காசு தகும்'னு சொன்னவங்களால வரல. கச்சேரியை நேசிச்சுக்கிட்டே, "எனக்கு விலையை ஏன் முதல்லயே சொல்லல?"ன்னு கடுதாசி எழுதினவங்களால வந்துச்சு. அவங்களை 'ரசிகன்னா இப்படிக் கணக்குப் பாப்பானா'ன்னு திட்டினாங்க. என் கணக்குல நல்ல ரசிகன் அவன்தான். தனக்குக் கிடைச்சது அடுத்தவனுக்கும் கிடைக்கணும்னு நினைச்சவன்.

நம்மகிட்டயும் இதே பழக்கம் இருக்குங்க. நல்ல விலை கிடைச்ச அன்னிக்கு மண்டியில கமிஷன் எவ்வளவு புடிச்சான், எடையில எவ்வளவு கழிச்சான்னு யாரும் கேக்குறதில்ல. டீயைக் குடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்துருவோம். விலை விழுந்த அன்னிக்குத்தான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாப்போம். சிரிச்ச அன்னிக்குக் கேக்காதவன் பேச்சு அழுத அன்னிக்கு எடுபடாது.

எங்க அக்கா மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். மாப்ள, பாட்டைப் பத்தி விடிய விடியப் பேசு, நான் கேக்குறேன். புரியுதோ புரியலையோ கேக்குறேன். உன் கூட்டாளிங்க யாராவது 'தகும்'னு சொன்னா, எவ்வளவு விளம்பரம் பண்ணினாங்க, எவ்வளவு புடுங்கினாங்கன்னு அந்த ரெண்டு நம்பரையும் முதல்ல சொல்லச் சொல்லு. அப்புறம் பாட்டைப் பத்திச் சொல்லட்டும்.

இதுல உங்களுக்கு மறுப்பு இருந்தா கீழ எழுதுங்க. 'சந்தை விதி'ன்னு எழுத வர்றவங்க ஒரு தடவை ஒட்டன்சத்திரம் மண்டிக்கு வந்து ஏலம் கேட்டுட்டு எழுதினா இன்னும் நல்லது. டீ என் செலவு.